முன்னறைக்காகப் பிடித்த பனிநிலம்

என் மனைவியின் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை ஒளித்து எழுத வேண்டிய அவசியம் இல்லை, அவருக்கே தெரியும். அவருக்கும் என்னைப் பிடிக்காது. பதினெட்டு வருடமாக நாங்கள் இருவரும் கருத்து வேறுபாடு இல்லாமல் இருக்கும் ஒரே விஷயம் இதுதான்.

முன்பெல்லாம் தூரம் எங்களுக்கு உதவியது. அவர் முசலியில், நான் தீவில். நடுவில் கடலும் பாலமும் நினைத்த நேரத்துக்கு வராத பஸ்ஸும். பெருநாளைக்கு வருவார். என் வயிற்றைப் பார்த்து ஒன்று சொல்வார், நான் அவருடைய தலையில் மிச்சமிருக்கும் முடியைப் பார்த்து ஒன்று சொல்வேன், வட்டிலாப்பத்தைத் தின்றுவிட்டுப் போய்விடுவார். இருவரில் ஒருவர் மவுத்தாகும் வரை இப்படியே ஓடியிருக்கும்.

போன வருடம் அவர் ஒரு பெரிய பையோடும் லெப்டொப்போடும் வந்து இறங்கினார். மனைவியோடு சண்டை. ஏன் என்று கேட்டதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். முசலியிலிருந்து தொலைபேசியில் வேறொரு காரணம் வந்தது. இரண்டையும் கேட்டபின் நான் முசலியின் பக்கம் சேர்ந்தேன். நியாயத்தை நிறுத்துப் பார்த்தல்ல. அந்தப் பக்கத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளை உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போக வேண்டும். பிறந்த வீடு சகோதரிக்கு. அவர் அப்படித்தான் முசலிக்குப் போனார். நான் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருப்பது என் மனைவியின் பெயர். ஆகவே "இது என் வீடு, எழும்புங்கோ" என்று நான் சொல்ல முடியாது. "நான் பிறந்த வீடு, நீங்கள் யார் கேட்க" என்று அவரும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் என் மனைவி. அவள் கூடப்பிறந்த ஒரே அண்ணனிடம் அதைச் சொல்ல மாட்டாள். என்னிடமென்றால் யோசிக்காமல் சொல்வாள்.

அவர் முன்னறையில் குடியேறினார். அதுவரை அது என் மகளின் அறை. அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. மேசையும் புத்தகங்களும் கூடத்துக்கு வந்தன. கூடத்தில் தொலைக்காட்சி, தையல் மெஷின், வந்து போகிற அயல், என் குறட்டை எல்லாம் இருந்தன. முன்னறையில் ஒரு ஆளும் அவருடைய மின்விசிறியும் இருந்தன. மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. அதை அணைக்க நான் அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின், அறை வாசலில் நின்று பேச்சை எடுத்தேன். பிள்ளைக்கு மேசை வைக்க இடமில்லை, காற்றும் இல்லை என்று பொதுவாக, காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் லெப்டொப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். வாழ வந்த வீட்டில் அறை பிரிக்கிற வேலை எனக்கு யார் தந்தது என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சண்டையைக்கூட 'நீங்கள்' போட்டு, 'மச்சான்' என்று கூப்பிட்டுத்தான் பிடிப்போம். கேட்கிறவர்கள் நலம் விசாரிக்கிறோம் என்று நினைப்பார்கள்.

"உங்களுக்கு இதை விளையாடத் தெரியுமோ, மச்சான்?" என்றார்.

தெரியாது. ஆனால் அவர் கேட்டவிதத்தில், தெரியாது என்று சொல்ல முடியவில்லை. தெரியும் என்றேன்.

"அப்ப வாங்கோ. நீங்கள் வெண்டா அறையை விடுறன். நான் வெண்டா, எவ்வளவு காலம் இருந்தாலும் இந்த அறைக் கதையை நீங்கள் எடுக்கக் கூடாது."

மகளின் பரீட்சையை ஒரு வீடியோ கேமில் வைத்து ஆடச் சம்மதித்த தகப்பன் நான். அதற்கு முன் என் வாழ்நாளில் நான் விளையாடிய கணினி விளையாட்டு, அலுவலகக் கணினியில் வரும் சீட்டாட்டம் மட்டும்தான். அதிலும் கணினிதான் வெல்லும்.

விளையாட்டு இதுதான். திரையில் ஒரு உலக வரைபடம், தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்களாக. ஒருவர் ஒரு முறை ஆடினால் அடுத்தவர் ஒரு முறை. குடியேறிகளை அனுப்பி ஊர் அமைக்க வேண்டும். ஊரைச் சுற்றிய கட்டங்களில் சாப்பாடு விளைந்தால் சனம் பெருகும். சனம் பெருகினால் தொழிற்சாலை, படை, புள்ளி. முந்நூறு முறை முடியும்போது புள்ளி கூடியவர் வென்றவர். வெள்ளியும் ஞாயிறும் பகல் சாப்பாட்டுக்குப் பின் ஆடுவது என்று முடிவானது. ஒரே லெப்டொப் என்பதால், ஒருவர் ஆடும்போது மற்றவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவருக்கு ஆற்றங்கரை கிடைத்தது. பச்சைப் பசேலென்ற கட்டங்கள், மாடு, கோதுமை. எனக்கு ஒரு ஒல்லியான கரை. அதில் இரண்டு ஊர் வைத்தேன். பெயர் நாமே வைக்கலாம் என்பதால் ஒன்றுக்கு நானாட்டான், மற்றதுக்கு உயிலங்குளம். நெல் விளையும் ஊர்ப் பெயர் வைத்தால் சாப்பாடு வரும் என்று நம்பினேன். வந்தது என்பதுதான் பெரிய ஆச்சரியம்.

அதற்கு மேலே வடக்கில் ஒரு பெரும் பரப்பு. வெள்ளை வெளேரென்று, மரமில்லாமல், மட்டமாகக் கிடந்தது. யாரும் பிடிக்கவில்லை. அதன்மேல் சின்னச் சின்னப் படங்கள்: இரும்பு, நிலக்கரி, வெள்ளி. நான் உப்பளத்தில் மேற்பார்வை செய்கிறவன். இருபது வருடமாகக் காலையில் கண் விழித்தால் நான் பார்ப்பது மட்டமான, மரமில்லாத, வெள்ளை நிலம். எனக்கு வெள்ளை என்றால் விளைச்சல். பாத்தியில் தண்ணீர் கலங்கலாக நிற்கும்வரை ஒன்றுமில்லை, வெளுத்தால்தான் உப்பு வாரலாம். இங்கே ஒரு நாடு முழுவதும் வெளுத்துக் கிடக்கிறது, வாருவதற்கு ஆளில்லை. இந்த மனிதர் மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறார்.

குடியேறிகளை அனுப்பினேன். வெள்ளையின் நட்ட நடுவில் ஊர் அமைத்தேன். பெயர் கேட்டது. நான் முசலி என்று அடித்தேன்.

இதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. ஒரே காரணம் கெட்ட குணம். அவருடைய முறை வந்து, திரும்பி உட்கார்ந்து, வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது அவர் கழுத்து சிவந்ததைச் சுவரைப் பார்த்துக்கொண்டே பார்த்தேன். சுவரோரம் அலுமாரி இருந்தது, அதில் கண்ணாடி இருந்தது. இரண்டு கிழமையாக அவருடைய படை எங்கே போகிறது என்று நான் கண்டுபிடித்ததெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான். அன்றைக்கு அவரும் அதைக் கண்டுபிடித்தார். எழும்பி, இடுப்பில் கட்டும் கழுவாத சாரத்தை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டார். மிச்ச விளையாட்டு முழுவதும் நான் அந்தச் சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் முசலியில் சனத்தொகை ஒன்று. திரையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எண் வரும். ஒன்று என்று வந்தது. அடுத்த முறையும் ஒன்று. நான் பதறவில்லை. உப்பளத்தில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பாத்தியைக் கிண்டினால் எல்லாம் கெட்டுவிடும். வெயிலை அதன் வேலையைச் செய்யவிட்டுக் காத்திருப்பதுதான் தொழில். காத்திருந்தேன். இருபது முறை காத்திருந்தேன். விளையாட்டுத் தெரிந்தவன் இரண்டு முறைக்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். நான் பருவம் வரும் என்று இருந்தேன்.

"என்ன மச்சான், உங்கட முசலியில சனம் இன்னும் ஒண்டுதானோ?" என்றார்.

"ஒண்டுதான். ஆனா அது வீட்டை விட்டு ஓடி வரேல்ல."

அதன்பின் நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சோற்றுக்கோப்பையை நகர்த்தச் சொல்வதற்கும் மகள் வழியாகச் சொன்னார். நானும் மகள் வழியாகவே மறுத்தேன். அவள் கணிதப் புத்தகத்தை மூடிவிட்டு இருவருக்கும் நடுவில் கோப்பையை வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் முதல்முறையாகத் திரையை எட்டிப் பார்த்தாள். நான் என் வெள்ளை நிலத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, மாமாவுக்குக் கேட்காதபடி, "வாப்பா, அது ஐஸ். உப்பில்ல. அங்க ஒண்டும் முளையாது" என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஐஸ், மீன் பெட்டியில் இருக்கும் ஐஸ்தான். அது அழுக்காகவும் சாக்குத் தூளோடும் இருக்கும். நிலமே ஐஸாக இருக்கும் என்று யார் கண்டார்கள். இருபது முறை நான் பனிக்கட்டியில் உப்பு விளையக் காத்திருந்திருக்கிறேன். மாமாவுக்கு இது முதல் நாளே தெரியும். நான் வைத்த ஊரை முதலில் பார்த்தபோது அவர் இருமினாரே, அது இருமல் இல்லை.

மகள் புவியியல் படிக்கிறவள். அங்கே ஆட்கள் இருப்பது இரும்புக்கும் கரிக்கும்தான், சாப்பாடு வெளியிலிருந்து போக வேண்டும் என்றாள். உயிலங்குளத்தில் சாப்பாடு கூடிக் கிடக்கிறது, அங்கிருந்து வண்டி அனுப்பலாம் என்று ஒரு பொத்தானைக் காட்டினாள். பிறகு, "நீங்கள் வெண்டாத்தான் எனக்கு மேசை. கவனமா ஆடுங்கோ" என்றுவிட்டுப் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டாள். சொன்ன குரலில் வேடிக்கை இல்லை. அதற்குப் பிறகு எனக்கும் வேடிக்கை கொஞ்சம் குறைந்துவிட்டது.

வண்டிகளை விட்டேன். உயிலங்குளத்து நெல் முசலிக்குப் போனது. அந்த ஒரு சனம் இரண்டாகவில்லை, ஆனால் சாகவுமில்லை. குளிரில் நின்று இரும்பைத் தோண்டியது, கரியைத் தோண்டியது. இரும்பு நானாட்டானுக்கு வந்து தொழிற்சாலையானது. என் புள்ளி நத்தை மாதிரி ஏறியது. அவருக்கு ஒன்பது ஊர், சனம் கொழுத்துக் கிடந்தது, ஆனால் மாட்டையும் கோதுமையையும் வைத்துப் பெரிய இயந்திரம் செய்ய முடியாது. ஆட்டம் பிந்தப் பிந்த இந்த விளையாட்டில் நிலத்தடியில் எண்ணெய் தெரிய வரும். தெரிய வந்தது. அவருடைய ஆற்றங்கரை முழுவதிலும் ஒரு சொட்டு இல்லை. இருந்த எண்ணெய் முழுவதும் என் முசலிக்கு அடியில்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். மீனாணம் அவ்வளவு ருசியாக இருந்தது அன்றுதான்.

பிறகு பகை முழுமூச்சாக நடந்தது. அவர் சில வேளை ஒரு முறை ஆடவே முக்கால் மணித்தியாலம் எடுத்தார். நான் சாரத்தைப் பார்த்தபடி கொட்டாவி விட்டேன். சார்ஜர் வயரைக் காணவில்லை என்று ஒரு ஞாயிறு வீணானது. அது என் உப்பளப் பையில் இருந்தது, அதை நான் வைத்ததாக நிரூபிக்க ஒருவராலும் முடியாது. அவர் விளையாட்டைத் திறக்கக் கடவுச்சொல் போட்டார். எண்ணெய் தந்தால் மூன்று ஊர் தருவதாகத் திரையில் ஒப்பந்தம் அனுப்பினார். மறுத்தேன். ஐந்து ஊர் என்றார். மறுப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்தும்போது வரும் சத்தத்தை நான் இரண்டு தரம் கேட்டேன். தீவுத் தெருக்களில் திரியும் கழுதைகள் கேற்றில் வந்து முட்டினால்கூட, துரத்த எழும்புகிறவர் தோற்றவர் என்பதுபோல் இருவரும் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி வந்து துரத்தினாள்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தபோது, இருநூற்றுத் தொண்ணூறாவது முறையில், நான் என் முறைக்குத் திரும்பியபோது முசலியைச் சுற்றி அவருடைய படை நின்றது. பீரங்கி, குதிரை, எல்லாம் வெள்ளைமேல் கறுப்பாக வரிசை வரிசையாக. என் ஊரில் ஒரு வில்லாளி. அந்த ஒரு சனமும் அவனும்தான். ஊர் விழுந்தால் எண்ணெய் போகும், புள்ளி போகும், அறை போகும். கூடத்தில் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் செய்ய ஒன்றுமில்லை. வில்லாளியைச் சும்மா நிற்க வைத்து முறையை முடித்தேன். சாரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். வெடிச்சத்தம் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. அவர் படையை நகர்த்தவே இல்லை. முறையை முடித்தார். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை, அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"மச்சான், அந்த ஊரிட பேரை மாத்துங்கோ."

ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பேரில எனக்கு அடிக்க ஏலாது."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னார். வேறு ஒருவர் என்றால் அந்த இடத்தில் விளையாட்டை மூடிவிட்டு, வாங்கோ மச்சான், தேத்தண்ணி குடிப்போம் என்றிருப்பார். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. என் மூளையில் ஓடியது ஒன்றே ஒன்று: எனக்கு மதில் கிடைத்துவிட்டது. பீரங்கியால் உடைக்க முடியாத மதில், ஒரு காசு செலவில்லாமல், கெட்ட குணத்தால் கட்டியது.

"விளையாட்டுத்தானே மச்சான்," என்றேன். "பேரில என்ன இருக்கு. அடியுங்கோ."

அவர் அடிக்கவில்லை. மிச்ச முறைகள் முழுவதும் அவருடைய படை என் ஊரைச் சுற்றிப் பனியில் நின்று தேய்ந்தது. குளிர் நிலத்தில் சாப்பாடு இல்லாமல் நிற்கும் படைக்கு முறைக்கு முறை உயிர் குறையும். பின்வாங்கவும் அவருக்கு மனமில்லை. நான் ஒவ்வொரு முறையும் வில்லாளியைச் சும்மா நிற்க வைத்தேன். முந்நூறாவது முறை முடிந்தது. இசை ஒலித்தது. என் புள்ளி பதினொன்று கூட.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். அவரைப் பிடிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். எழும்பி, கண்ணாடியிலிருந்து சாரத்தை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்தார். அந்த நேரம் என் மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். எங்கே போகிறார் என்று கேட்டாள். தோற்றுவிட்டேன் என்றார். எதில் என்று கேட்டாள். அவர் லெப்டொப்பைக் காட்டினார்.

அவளுக்கு விளையாட்டுத் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரியும். வரைபடத்தின் உச்சியில், வெள்ளைக்கு நடுவில், முசலி என்றும் பக்கத்தில் ஒன்று என்றும் இருந்தது. சுற்றிவரப் படை.

"இது ஆர் வச்ச பேர்?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மகள் கூடத்திலிருந்து, "வாப்பா" என்றாள். பஞ்சு வைத்த காதால் எப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

ஏன் அடிக்காமல் விட்டார் என்பதை அவள் அண்ணனிடம் கேட்கவில்லை. அவர் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது தேத்தண்ணியை எனக்குத் தராமல் மேசையில் வைத்ததிலேயே தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, அறை பிள்ளைக்குத்தான்," என்றாள். "அது நீங்கள் வெண்டு குடுத்ததில்ல. என்ர வீடு, நான் குடுக்கிறன். ஆராவது என்னட்டக் கேட்டிருந்தா அண்டைக்கே குடுத்திருப்பன். ரெண்டு பேருக்கும் கேக்கத் தெரியேல்ல, சண்டை பிடிக்கத்தான் தெரிஞ்சுது."

அண்ணனைப் பார்த்து, அவர் எங்கும் போக வேண்டாம், பின்னறை கிடக்கிறது என்றாள். நான் அதற்குள் மெல்லச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

"நீங்களும்தான். உங்கட தலகாணியையும் எடுத்துக்கொண்டு போங்கோ."

பின்னறை என்பது தகரக் கூரை போட்ட களஞ்சியம். அரிசி மூட்டை இரண்டு, தேங்காய்க் குவியல், வெங்காயக் கூடை, மண்ணெண்ணெய்க் கலன், நான் உப்பளத்திலிருந்து கொண்டுவந்த உப்புச் சாக்குகள், கால் உடைந்த கதிரைகள். வளம் நிறைந்த இடம். மனிதர் சீவிக்க முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனால் இறைச்சி அவியும். அதில் இரண்டு பாய் விரிக்க இடமுண்டு, ஒன்றுக்கு மட்டும் காற்று வரும்.

அன்றைக்கு அசர் தொழுகைக்கு முன்பே காற்று வரும் பக்கத்துக்குப் போட்டி தொடங்கியது. அவர் பையை வைத்தார். நான் அதை நகர்த்தித் தலகாணியை வைத்தேன். தோற்றவர் தேங்காய்ப் பக்கம் படுக்க வேண்டும் என்றேன். ஒரு பெயருக்குப் பின்னால் ஒளிந்து வென்றவன் வாயைத் திறக்கக் கூடாது என்றார். அப்படியென்றால் அந்தப் பெயருக்குரிய ஊருக்கே போயிருக்கலாமே, இங்கே ஏன் உப்புச் சாக்குக்குள் நிற்கிறார் என்று கேட்டேன். அது அளவுக்கு மீறியது என்று சொல்லும்போதே தெரிந்தது. அவர் ஒரு தேங்காயைக் கையில் எடுத்தார். எறியத்தானா, நகர்த்தத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே நேரம் வீட்டின் பக்கவாட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. முன்னறை ஜன்னல். மேசை அதற்குள் அங்கே போய்விட்டது. மேசைமேல் புத்தகம், புத்தகத்துக்கு மேல் என் மகளின் முகம். காதில் பஞ்சு இல்லை.

"சண்டை பிடிக்கிறதெண்டா கடற்கரைக்குப் போங்கோ ரெண்டு பேரும். எனக்குப் பரீட்சை."

ஜன்னல் சாத்தப்பட்டது. உள்ளே கொக்கி விழும் சத்தம் கேட்டது.

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். இருவரும் செருப்பைப் போட்டோம். கேற்றை முதலில் யார் தாண்டுவது என்பதில் கொஞ்சம் தோள் இடிபட்டது. பிறகு கடற்கரைக்குப் போனோம், அவர் ரோட்டின் அந்தக் கரையால், நான் இந்தக் கரையால், ஒருவரை ஒருவர் முந்தவிடாமல்.